ஜன்னலோர இடம்

போன மாதம் ஒரு சிறுபத்திரிகை ஆசிரியரோடு பேசிக்கொண்டிருந்தேன். வருகிற கதைகளில் எது மனிதர் எழுதியது, எது செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று பிரிப்பதிலேயே பாதி நாள் போய்விடுகிறது என்று வருத்தப்பட்டார். 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ் இதே காரணத்துக்காகக் கதைகள் வாங்குவதைச் சில வாரங்கள் நிறுத்தியது. அன்று அது எங்கோ நடந்த செய்தி. இன்று நம் வாசலில் நிற்கிறது.

அன்றிரவு நானும் செயற்கை நுண்ணறிவிடம் ஒரு கதை கேட்டேன். மறைக்க விரும்பவில்லை. சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம், எழுபதுகள், தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகும் ஒன்பது வயதுச் சிறுமி. இவ்வளவுதான் சொன்னேன். அது என் அம்மாவின் கதை. பல ஆண்டுகளாக நான் எழுத முயன்று நான்கு முறை கிழித்துப் போட்ட கதை.

அரை நிமிடத்தில் வந்துவிட்டது. முதல் பத்தியில் சிறுமி பச்சை வயல் வரப்பில் நடந்து போனாள். மானாவாரிப் பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைகிற கரிசல் காட்டில் பச்சை வயலுக்கு எங்கே போவது? திருத்தச் சொன்னேன், உடனே திருத்தியது. இரண்டாவதாக வந்தது நன்றாகவே இருந்தது. தீக்குச்சி மருந்தின் வாடை சோற்றிலும் ஏறுவதைப் பற்றி ஒரு வாக்கியம். இதை நான் எழுதியிருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. அன்று தூக்கம் வரவில்லை. இயந்திரத்துக்கு உயிர் கிடையாது, உணர்ச்சி கிடையாது என்று நண்பர்கள் தேற்றுகிறார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. வாசகர் கையில் இருப்பது வாக்கியம்தான். எழுதியவரின் உயிரை அவர் எங்கே போய்த் தொட்டுப் பார்ப்பார்?

காலையில் மறுபடி படித்தேன். சிறுமி அழுகிறாள். மருந்து பற்றிக்கொண்டு விரல் வெந்துபோகிறது. ஒரு நல்ல ஆசிரியர் வருகிறார். கடைசியில் அவள் மகள் படித்து, அந்த மாவட்டத்துக்கே கலெக்டராக வருகிறாள்.

என் அம்மா சொன்னது வேறு. விட்டு விட்டுப் பல ஆண்டுகள் கேட்ட பிறகு, ஒரு பொங்கல் விடுமுறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். விடிவதற்கு வெகு முன்பே ஆபீஸ் பஸ் ஊருக்கு வந்துவிடும். மற்ற பிள்ளைகளை முந்திக்கொண்டு ஏறினால் ஜன்னலோர இடம் கிடைக்கும். அதுவரை அவள் பஸ்ஸில் ஏறியதே இல்லை. காய்ச்சல் அடித்த நாளிலும் அந்த ஜன்னலுக்காகவே போனாளாம். நாள் முழுக்கத் தீக்குச்சிகளைச் சட்டத்தில் செருகிக் கட்டை அடுக்கியதையும் வாங்கிய அடியையும் ஒரே வரியில் தாண்டிவிட்டாள். ஜன்னலைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள்.

நான் கிழித்துப் போட்ட நான்கு பிரதிகளிலும் அந்தச் சிறுமி அழுதாள். இயந்திரம் எழுதியதும் நான் எழுதியதும் ஒன்றுதான். ஏற்கெனவே எழுதப்பட்டவற்றைப் படித்துவிட்டு எழுதியவர்கள் நாங்கள் இருவரும். எனக்கு வலித்தது இந்த இடத்தில்தான். இடைசெவல் ஊர்க்காரரான எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குச் சொற்களுக்கு அகராதி தொகுத்தபோது, மனிதர்களின் வாயில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். கதை எழுதுகிறவன் செய்ய வேண்டிய வேலை அது. அதைச் செய்யாமல் மேசையில் உட்கார்ந்து எழுதிய என் கதைகளை எந்த இயந்திரமும் எழுதிவிடும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதை இங்கே எழுத அம்மாவிடம் அனுமதி கேட்டேன். மூன்று நாள் யோசித்தாள். சித்தியைப் பற்றிய ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லாதே என்றாள், சொல்லவில்லை. இயந்திரங்களுக்கு மற்றவர் எழுத்தைப் படிக்கக் கொடுக்கும் நிறுவனங்கள் யாரிடம் கேட்டன? திருட்டு நூலகங்களிலிருந்து புத்தகங்களை இறக்கிக்கொண்டதற்காக ஆந்த்ரோபிக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் 2025 செப்டம்பரில் 150 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஏறத்தாழ 5 லட்சம் நூல்கள், நூலுக்குச் சுமார் 3,000 டாலர். ஆனால் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவான நூல்களுக்குத்தான் அந்தப் பணம். ஐந்நூறு பிரதி அச்சிட்டு நண்பர்களிடம் விற்கும் நம் எழுத்தாளர்களில் எத்தனை பேர் அங்கே போய்ப் பதிந்திருப்பார்கள்?

2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, இயந்திரத்தை எழுத்தாளராகக் கருதக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். தங்களிடம் தரப்படுவது இயந்திரம் எழுதியது என்றால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பதும் அதில் உண்டு. நம் பதிப்பாளர்களிடமும் இதழ்களிடமும் நான் கேட்பது இவ்வளவே: இயந்திரம் எழுதியிருந்தால் அட்டையிலேயே சொல்லுங்கள். வாங்குவதா வேண்டாமா என்பதை வாசகர் முடிவு செய்துகொள்ளட்டும்.

இந்தப் பதிவுக்குப் பிறகு அந்த ஜன்னலும் இயந்திரத்துக்குத் தெரிந்துவிடக் கூடும். தெரியட்டும். ஐந்தாம் முறையாகக் கதையைத் தொடங்கியிருக்கிறேன். நேற்று அம்மாவுக்குப் போன் செய்து, பஸ்ஸில் எந்தப் பக்கத்து ஜன்னல், வெளியே இருட்டில் என்ன தெரியும் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.