மாசம் 8000 இல்லை, மொத்தமே 8000
மேலே ஒருவர், மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர்களுக்கு அரசு நிவாரணமாக மாசம் 8000 ரூபாய் வருது, வீட்டில் உட்கார்ந்தே பிழைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். தப்பு சார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளுக்கும் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு 8000. முன்னே 5000 இருந்தது, 2023-ல் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் உயர்த்தி அறிவித்தார்கள். வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 131 ரூபாய், டீயும் பஸ் காசும் போக அரிசிக்கு என்ன மிஞ்சும்?

அப்புறம், உட்கார்ந்து யாரும் சாப்பிடவில்லை. தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு கரையோரம் போகும். விசைப்படகுக்காரர் அந்த ரெண்டு மாசமும் படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, வட்டிக்கு வாங்கித்தான் இன்ஜின் வேலை பார்க்கிறார். கூலிக்குப் போகிறவன் வேற வேலை தேடி ஊரை விட்டே போய்விடுகிறான்.