புட்போல் கோச்சை வேலையை விட்டுத் தூக்குற கிளப் சேர்மனோட கணக்கை எப்போ பார்க்கப் போறீங்க?

2024 ஜூலையில கோச் டென் ஹாக்கோட கொன்ட்ராக்டை மன்செஸ்டர் யுனைட்டட் 2026 வரைக்கும் நீட்டிச்சது. அக்டோபர் முடியுறதுக்குள்ள ஆளை அனுப்பியாச்சு. அவருக்கும் அவரோட வந்தவங்களுக்கும் கொடுத்து அனுப்பின காசு மட்டும் 10.4 மில்லியன் பவுண். ஹட்டன்லயும் தலவாக்கலையிலயும் நம்மாளுங்க என்ன பேசினாங்க? "கோச் சரியில்ல." ஜூலையில கையெழுத்துப் போட்டது யாருங்கிற கேள்வி ஒருத்தர் வாயிலயும் வரல.

கொழுந்து எடை குறைஞ்சா கங்காணிக்கு ஏச்சு விழும். உரத்தை நிறுத்தி, தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்தைத் தள்ளிப்போட்ட தோட்டத்துத் தொரை பங்களாவுல இருப்பார். தோட்டத்துல இந்த அநியாயத்தைப் பார்த்தே வளர்ந்த நாம, புட்போல்னு வந்தா மட்டும் தொரை பக்கம் நிக்கிறோமே, அது என்னத்துக்கு?

செல்சியை எடுங்க. 2022, டொட் போலி சேர்மனா வந்த முதல் கோடை. ஆள் மேல ஆளா வாங்கினாங்க. செப்டம்பர் 1, விண்டோ (ஆள் வாங்கி விக்கிற காலம்) மூடுற அன்னைக்கு ஒபமெயாங் வந்தார், அப்போ செல்சி கோச்சா இருந்த டூகல்கிட்ட முன்னாடி டோர்ட்முண்ட்ல ஆடினவர். 7ஆம் தேதி டூகலுக்கு வேலை இல்ல! அடுத்து பிரைட்டன் கிளப்புக்கு 20 மில்லியன் பவுணுக்கு மேல கொடுத்து அவங்க கோச் பொட்டரைக் கூட்டிட்டு வந்தாங்க. பெப்ரவரியில ஒபமெயாங் பேர் சாம்பியன்ஸ் லீக் பட்டியல்லயே இல்ல. ஏப்ரல்ல பொட்டரும் இல்ல. இதுல எந்தக் கோச் மேல பிழை சொல்றீங்க?

காசு எங்க மாட்டுதுன்னு விளங்கிக்கணும். 50 மில்லியனுக்கு ஒரு ஆட்டக்காரரை 5 வருஷக் கொன்ட்ராக்டுல வாங்கினா, கணக்குப் புத்தகத்துல வருஷத்துக்கு 10 மில்லியன் செலவுன்னு எழுதுவாங்க. ரெண்டு வருஷத்துல கோச் மாறி, புது ஆளுக்கு இவர் வேண்டாம்னா, இன்னும் 30 மில்லியன் புத்தகத்துல நிக்கும். சந்தையில 20க்குத்தான் கேட்பாங்கன்னு வைங்க. வித்தா 10 மில்லியன் நட்டம் அந்த வருஷமே ஏறும், பிரீமியர் லீக்கோட காசுக் கட்டுப்பாட்டுல போய் இடிக்கும். அதனால விக்காம, சம்பளம் கொடுத்து பெஞ்சுல வச்சிருப்பாங்க. பின்னால தடுக்க நாலு பேரை வச்சு ஆடப் பழகின டீமை மூணு பேருக்கு மாத்தினா, ஓரத்துல ஏறி இறங்கி தடுக்கவும் தாக்கவும் வேண்டிய விங் பேக் ஆட ஆள் இருக்காது, ஓரத்துல தாக்க மட்டும் பழகின விங்கருக்கு இடம் இருக்காது. டென் ஹாக்குக்குப் பதிலா அமோரிம் வந்தப்போ யுனைட்டட்ல நடந்தது இதுதான். அந்த சீசன் 15ஆவது இடம்.

டொட்டன்ஹாம் சேர்மனா இருந்த லெவி ஸ்டேடியம் கட்டினாரேன்னு சொல்லுவீங்க. கட்டினார், சரி. ஆனா அவரோட கோச் பொச்செட்டினோவுக்கு 2018 கோடையிலயும் 2019 ஜனவரியிலயும் ஒரு ஆளைக்கூட வாங்கிக் கொடுக்கல. இருக்கிற டீமை வச்சே மனுசன் சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குப் போனார். அதே 2019 நவம்பர்ல தூக்கிட்டாங்க. அடுத்து வந்த மொரின்ஹோவை 2021 ஏப்ரல்ல, லீக் கப் இறுதிக்கு ஆறு நாள் இருக்கிறப்போ அனுப்பினாங்க. அடுத்த கோச்சைக் கையில வச்சுக்கிட்டா அனுப்பினாங்க? இல்ல. ஜூன் 30 வரைக்கும் தேடி நூனோவைப் பிடிச்சாங்க, 10 லீக் மேட்ச்ல அவரையும் வீட்டுக்கு அனுப்பினாங்க.

பிரைட்டன்ல சேர்மன் டோனி ப்ளூம் செய்ததைப் பாருங்க. பொட்டர் செல்சிக்குப் போன பத்தே நாள்ல புதுக் கோச் டி செர்பி. கீப்பர்கிட்ட இருந்தே பந்தைக் கட்டி ஆடுற டீமுக்கு, அதே ஆட்டத்தை இன்னும் துணிஞ்சு ஆட வைக்கிற ஆள். டீமைக் கலைக்க வேண்டி வரல. அந்த சீசன் 6ஆவது இடம், கிளப் சரித்திரத்துல முதல் தடவையா ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி.

சாம்பியன்ஸ் லீக் மேட்ச் குளிர்காலத்துல நமக்குப் பெரும்பாலும் ராத்திரி ஒன்றரைக்குத்தான் தொடங்குது, விடிஞ்சா தோட்டத்துல வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டு. அவ்வளவு தூக்கத்தைக் கெடுத்துப் பார்க்கிற நீங்க, அடுத்த கோச் போறப்போ ஒரு துண்டுல எழுதிப் பாருங்க: விண்டோ மூடி எத்தனை நாள்ல தூக்கினாங்க, கொன்ட்ராக்டுல எத்தனை மாசம் பாக்கி, புது ஆள் வர எத்தனை நாள், இருக்கிற 25 பேர்ல அவரோட ஆட்டத்துக்கு எத்தனை பேர் சரிவருவாங்க. அதையெல்லாம் எழுதின பிறகும் பிழை கோச் மேலதான்னு வந்தா, ஏசுங்க, நான் மறிக்கல.