விசுவாசம் வந்தால் நற்செயல் நின்றுவிடுமா?
"விசுவாசத்தால் மட்டும் இரட்சிப்பு என்று போதித்தால் சனங்கள் நற்செயலை விட்டுவிடுவார்கள்" என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கல்லடியில் எங்கள் அம்மம்மா உபவாசம், தசமபாகம் (வருமானத்தில் பத்திலொன்றைக் காணிக்கையாகக் கொடுப்பது) எல்லாம் கணக்காகச் செய்தவர். ஆனால் குடித்துவிட்டு வரும் அயல்வீட்டுக்காரரை வாசலிலும் ஏற்றமாட்டார். ஒருநாள் ஆராதனையில் வேதாகமத்தின் லூக்கா 18ஐ வாசித்தார்கள். "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று ஜெபித்த ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) நீதிமானாக வீடு திரும்பினான், தன் உபவாசத்தையும் தசமபாகத்தையும் சொல்லி ஜெபித்த பரிசேயன் (வேதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதன்) அல்ல. தன் ஜெபமும் பரிசேயனுடையதுதான் என்று அன்றிரவு அம்மம்மா அழுதார். அப்புறம் அதே மனிதருக்குச் சோறு போட்டவரும் அவர்தான். 1814இல் மட்டக்களப்புக்கு மெதடிஸ்த மிஷன் வந்தது; அதற்கு முந்தைய நூற்றாண்டில் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியும் அப்படியே. உபவாசமும் சிறைச்சாலைச் சந்திப்பும் அவருக்குத் தராத இரட்சிப்பின் நிச்சயம், 1738இல் கிறிஸ்துவை மட்டும் நம்பியபோது கிடைத்தது. அதன்பின் அவர் ஏழைகளைக் கைவிடவில்லை, இன்னும் அதிகமாகத் தேடிப் போனார்.