ஊறும் நேரமும் அவுரியின் நீலமும்
மடித்த துணியை அவுரிச் சாயத்தில் இரவு முழுவதும் ஊறவிட்டால் அடர் நீலம் கிடைக்கும் என்றும், வாஷி எனும் ஜப்பானியக் கைக்காகிதத்துக்கும் இதுவே முறை என்றும் சிலர் சொல்வது சரியன்று.

அவுரியின் நீலம் நீரில் கரையாது. காரம் சேர்த்து நொதிக்கவைத்த தொட்டியில் அது ஒடுக்கமடைந்து (ஆக்சிஜனேற்றத்துக்கு நேர்மாறான வேதிமாற்றம்) மஞ்சள் கலந்த பச்சைக் கரைசலாக மாறிய பிறகே நூலுக்குள் நுழைகிறது. வெளியே எடுத்த துணி பச்சையாகவே இருந்து, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் கண்ணெதிரே நீலமாகிறது. எனவே அடர்த்தியைத் தருவது சில நிமிடங்கள் முக்கி எடுத்துக் காற்றாடவிட்டு, மறுபடியும் முக்குவதே. நெடுநேரம் ஊறினால் படிந்த நீலமே தொட்டியில் மீண்டும் கரையக்கூடும். துணியை விசிறிபோல் மடித்துப் பலகைகளுக்கிடையே இறுக்கும் இதாஜிமே என்ற ஜப்பானிய முறையில் இப்படி நெடுநேரம் ஊறவிட்டால், வெள்ளையாக நிற்க வேண்டிய இடங்களுக்கும் சாயம் கசிந்து கோடுகள் மங்கிவிடும். இன்று ஜப்பானின் நகோயா நகரின் பகுதியாக உள்ள, 1608-இல் உருவான அரிமட்சுவில் வளர்ந்த ஷிபோரித் தொழிலும் (துணியை மடித்தும் கட்டியும் இறுக்கியும் சாயமிடும் கலை) இப்படிப் பலமுறை முக்கியெடுக்கும் பழக்கத்தைக் கொண்டதே. (அங்கே மரபாகப் பயன்படுவது நம் அவுரிச் செடியன்று, வேறு குடும்பத்துச் செடி. சாயப்பொருள் மட்டும் ஒன்று.)

காகிதத்தின் கதை வேறு. மடித்த வாஷியின் முனையை நீரில் கரையும் சாயத்தில் ஓரிரு நொடி தொட்டாலே போதும்; வாஷி செய்யப் பயன்படும் கோசோ மரப்பட்டையின் நீண்ட இழைகள் சாயத்தைத் தாமே உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்ளும். அதை முழுதாக ஊறவிட்டால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து வடிவமே அழிந்துபோகும்; ஈரத்தோடு அவசரமாகப் பிரித்தால் மடிப்போரங்கள் கிழியவும் கூடும்.