கூடை நிறைய கேல்

தனம்: ஏங்க, இந்தக் கேல் கீரையைக் கழுவக் கழுவ, சுருக்கத்துக்குள்ளிருந்து புழு எட்டிப் பார்க்கிறது.

சபாபதி: சுருட்டை ரகம் அப்படித்தான். உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வை. அடுத்த முறை டஸ்கன் கேல் விதைக்கலாம். கரும்பச்சையில் நீள இலை. மேலெல்லாம் மேடு மேடாக இருப்பதால் டைனோசர் கேல் என்றும் ஒரு பெயர்.

தனம்: புழுவுக்குப் பதிலாக டைனோசரா? புழுவே இருந்துவிட்டுப் போகட்டும்.

சபாபதி: இதைச் சாதாரணமாக நினைக்காதே. முட்டைக்கோசு, காலிஃபிளவர், புரோக்கோலி, நூல்கோல் எல்லாமே இதோடு ஒரே இனம்.

தனம்: கூடப் பிறந்ததெல்லாம் உருண்டு திரண்டு ஆளாகிவிட்டது. இது மட்டும் கலைந்த தலையோடு நிற்கிறது. சரி, ஏன் கசக்கிறது?

சபாபதி: வெயில். நல்ல குளிர் அடித்தால் உறைந்துபோகாமல் இருக்க இலையில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்ளும். அப்போது சாப்பிட்டால் இனிக்கும்.

தனம்: அப்படியானால் ஃப்ரிட்ஜில் வைக்கிறேன்.

சபாபதி: செடியில் இருக்கும்போது குளிர வேண்டும், தனம். இப்போது நடுத்தண்டை உருவிப் போட்டுவிட்டு, உப்பு, எண்ணெய், எலுமிச்சைச் சாறு விட்டு இலையை நன்றாகப் பிடித்துவிடு. முரட்டுத்தனம் போய்விடும்.

தனம்: கீரைக்குக் கை கால் பிடித்துவிட வேண்டுமா? நேற்று ராத்திரி முழங்கால் வலி என்று நான் கத்தினேனே, அப்போது இந்த யோசனை வரவில்லையா?

சபாபதி: பேச்சை மாற்றாதே. பிசை.

தனம்: பிசைந்தாயிற்று. கூடை நிறைய இருந்தது, ஒரு கைப்பிடிதான் தேறுகிறது. இதற்கா 2 மாதம் காவல் காத்தீர்கள்?

சபாபதி: 2 மாதத்தோடு முடிந்துவிடுமா? கீழ் இலையாகப் பார்த்துப் பறித்துக்கொண்டே வந்தால் மாதக்கணக்கில் கொடுக்கும். உருவின தண்டைக்கூட எறியாதே. பொடியாக நறுக்கினால் சூப்புக்கு ஆகும். ஒன்றே ஒன்று, செடியின் நடுக்குருத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. வளர்ச்சியே அங்கேதான்.

தனம்: கை வைத்தால்?

சபாபதி: செடி மேலே வளர்வது நின்றுவிடும். ஏன் கேட்கிறாய்?

தனம்: சும்மாதான்.

சபாபதி: தனம், இந்த இலை ஏன் இவ்வளவு இளசாக இருக்கிறது?

தனம்: தண்டு சூப்புக்கு ஆகும் என்றீர்களே? தொட்டியில் 6 தண்டு நிற்கிறது, போய் எடுத்து வாருங்கள்.