சிவப்புப் பெருவிண்மீன் எங்கே?
வெள்ளைக் குள்ள விண்மீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்) ஒரு சிவப்புப் பெருவிண்மீனிடமிருந்து (முதுமையில் ஊதிப் பெருத்த விண்மீன்) வாயுவை இழுத்து, எடை கூடி வெடிப்பதுதான் 1ஏ வகை சூப்பர்நோவா என்று கட்டுரை முடிவாகச் சொல்வதை ஏற்க முடியவில்லை. 2011 ஆகஸ்டில் எம்101 விண்மீன் மண்டலத்தில் வெடித்த எஸ்என் 2011எஃப்இ-யை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 2.1 கோடி ஒளியாண்டு. இந்த வகைக்கு அது ரொம்பப் பக்கம். வெடிப்பதற்கு முன் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களில் அதே இடத்தைத் துருவிப் பார்த்தும் பெருவிண்மீன் எதுவும் தென்படவில்லை. அப்புறம், இதே வகை வெடிப்புக்குச் சொல்லப்படும் இன்னொரு வழி, அதாவது இரண்டு வெள்ளைக் குள்ளர்கள் இணைந்து வெடிக்கும் வழிக்கு, நம் அருகில் உதாரணமே இல்லை என்று அந்தக் கட்டுரையின் கருத்துகளில் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இருக்கிறது. 2025இல் வார்விக் பல்கலைக்கழகக் குழு சுமார் 150 ஒளியாண்டு தொலைவில் அப்படி ஒரு ஜோடியை அறிவித்தது. இரண்டும் சேர்ந்து சூரியனைப் போல 1.56 மடங்கு எடை, ஒன்றையொன்று சுற்ற 14 மணி நேரத்துக்குச் சற்று மேல். வெடிக்க இன்னும் சுமார் 2,300 கோடி ஆண்டுகள் ஆகும், சரி, ஆனால் இணைந்து வெடிக்க அந்த எடை போதும்.