எரித்தால் குப்பை போய்விடுமா?

இன்று காலை ஐந்தரைக்கு என் மகள் இருமி இருமித்தான் எழுந்தாள். ஜன்னலைத் திறக்காமலே தெரிந்துவிட்டது, தெருமுனையில் மறுபடியும் தீ வைத்துவிட்டார்கள் என்று. ஏழு வயதுப் பிள்ளை. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குகிறாள். அவளுக்கு நெபுலைசர் மாட்டிவிட்டுக் கீழே ஓடினேன்.

மதுரை வில்லாபுரத்தில் எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி ஏழரைக்கு வரும். இரண்டு மணி நேரம் பொறுத்தால் போதும். பொறுக்க முடியவில்லை! மின்கம்பத்தடியில் பால் கவர், சால்னா கட்டிக் கொடுத்த பை, டயப்பர், பிய்ந்த செருப்பு, ஒயர் துண்டு, மேலே கொஞ்சம் வேப்பஞ்சருகு. எல்லாம் ஒன்றாக எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர் கைகட்டி நின்றார்.

"பெரியப்பா, பிள்ளைக்கு வீசிங்னு போன மாசமே சொன்னேனே" என்றேன்.

"எரிச்சா குப்பையும் போகும், கொசுவும் போகும்ல தம்பி. நாங்க சின்ன வயசுல எரிக்காத குப்பையா? எங்களுக்கு என்ன ஆச்சு?"

இந்தக் கேள்விதான் எனக்குக் கொதிக்கிறது. அன்றைக்கு நீங்கள் எரித்தது சருகும் வைக்கோலும். அந்தப் புகையும் நல்லதில்லைதான். ஆனால் இன்று எரிவது நெகிழி. பிவிசி குழாயும் ஒயர் உறையும் குறைந்த சூட்டில் அரைகுறையாக எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு வருகிறது. அது காற்றோடு கரைந்து போகாது. மண்ணிலும் புல்லிலும் படியும். அதை மாடு மேயும். கொழுப்பில் தங்கும் நஞ்சு என்பதால் பாலில் இறங்கும். நம் ஊரில் தெருக் குப்பையை மேயாத மாடு எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள். காலையில் கொளுத்தியது சாயங்காலம் காபியில் திரும்பி வருகிறது.

அப்புறம் புகையில் இருக்கும் நுண்துகள்கள். 2.5 மைக்ரானுக்கும் சிறியவை, தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கு முடியும் சளியும் அதைத் தடுக்காது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய், அங்கிருந்து ரத்தத்திலும் கலக்கும். ஆஸ்துமாவோடு நிற்பதில்லை, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அது வழி செய்கிறது. வெளிக்காற்று மாசு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013-லேயே அறிவித்துவிட்டது. ஆண்டுச் சராசரியாக இந்தத் துகள் ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது அந்த நிறுவனம். நம் நாட்டு வரம்பு 40. எட்டு மடங்கு தாராளம் காட்டிய பிறகும் நமக்குப் போதவில்லை.

மார்கழியில் இது இன்னும் கொடுமை. இரவில் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழேயே தங்கிவிடும். மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். புகை மேலே போக வழியில்லாமல் மாடி ஜன்னல் உயரத்திலேயே தவழும். கோலம் போட வரும் பெண்கள், டியூஷனுக்கு சைக்கிளில் போகும் பிள்ளைகள், தள்ளுவண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் எல்லோரும் அதற்குள்தான் மூச்சு விடுகிறார்கள். அந்த அக்கா முகத்தில் சேலைத் தலைப்பைத் தவிர ஒன்றுமில்லை.

"பஸ் புகையைக் கேட்க மாட்டீங்க, எங்களைத்தான் கேப்பீங்க" என்று எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல். கேட்கிறேன், அதையும் கேட்கிறேன். காளவாசல் சிக்னலில் டீசல் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு வருகிறது. வெயில் பட்டால் அது தரையோர ஓசோனை உண்டாக்கி நெஞ்சை எரிக்கிறது, பயிரையும் வாட்டுகிறது. தோண்டிப் போட்ட சாலைகளின் புழுதி மர இலையெல்லாம் அப்பிக் கிடக்கிறது. எல்லாம் உண்மை. ஆனால் பஸ்ஸை என்னால் நாளைக் காலை நிறுத்த முடியாது. தீப்பெட்டியை உங்களால் சட்டைப்பையிலேயே வைத்திருக்க முடியும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் தெருவில் குப்பை எரிப்பதைத் தடை செய்தன. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாகக் குவித்து எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று சொன்னது. தேசிய தூய காற்றுத் திட்டத்தில் மதுரையும் இருக்கிறது. எங்கள் தெருவில் இதுவரை ஒருவரிடமும் ஒரு ரூபாய் வாங்கி நான் பார்த்ததில்லை.

இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றித்தான் அணைத்தேன். அணைந்த சாம்பலில் பாதி வெந்த நெகிழி கருப்பாக உருகி, தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. எரித்தால் போய்விடும் என்றீர்களே பெரியப்பா, வந்து பாருங்கள், சுரண்டினாலும் வரவில்லை. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். நான் மாடிக்கு வந்தபோது பிள்ளை மாஸ்க்கைக் கழற்றாமலே கையைக் காட்டிக் கேட்டாள், ஜன்னலைத் திறக்கலாமா என்று. இன்னும் வேண்டாம் என்றேன்.